ஒத்தக்குழல் துப்பாக்கியும் ஒரு ஏக்கர் மல்லாட்டையும்

ரொம்ப நாளா எழுதலைன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. கார்த்திகைப் பட்டத்து மல்லாட்டை வேலையில கெடந்தேன். அதுவும் இப்போ பாதி போச்சு.

காய் பிடிச்சு முத்துற நேரம். ஒரே ராத்திரியில காட்டுப்பன்னி கூட்டம் பூந்து, கொல்லையோட கெழக்குப் பக்கம் முழுக்க ஏர் ஓட்டின மாதிரி பொரட்டிப் போட்டுடுச்சு. காலையில போய்ப் பார்த்தா செடியெல்லாம் வேரு மேல, தழை கீழ. காயை மட்டும் தின்னுட்டு ஓட்டைத் துப்பியிருக்கு. சுத்தி கட்டியிருந்த பழைய சேலையையெல்லாம் கிழிச்சுக்கிட்டு வந்திருக்கு. ஒரு ஏக்கருக்கு மேல நஷ்டம்.

அன்னிக்கு சாயந்திரம் அமெரிக்காவுல இருக்கிற என் தங்கச்சி மவன் வீடியோ கால்ல வந்தான். கொல்லையைக் காட்டினேன். பார்த்துட்டு சொன்னான்: "மாமா, பேசாம ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கி வச்சுக்குங்க. இங்க புதுசா துப்பாக்கி வாங்குறவங்க அதுலதான் ஆரம்பிக்கிறாங்க. எது நல்லதுன்னு நான் பார்த்துச் சொல்றேன்."

"மாப்ள, இங்க அதைக் கண்ணால பாக்கவே டெல்லி வரைக்கும் போவணும்டா"ன்னு சிரிச்சுட்டு வச்சுட்டேன். ஆனா ராத்திரி பரண் மேல உக்காந்திருக்கும்போது அதே நெனப்பு. நம்ம தாத்தாவுக்கு ஏன் அந்த ஒத்தக்குழல் நாட்டுத் துப்பாக்கி மட்டும் கெடைச்சது? அதை யார் தேர்ந்தெடுத்தாங்க? நிச்சயமா தாத்தா இல்லை. அந்தக் கதையைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

மொதல்ல மருமவன் சொன்ன சாமான் என்னன்னு பார்த்துடலாம். அரை தானியங்கி ரைஃபிள்னா, விசையை ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டு போகும். அந்த வெடிப்போட வேகத்துலயே பழைய தோட்டாக் கூடு வெளிய தெறிச்சு, புதுத் தோட்டா தானா உள்ள வந்து உக்காந்துக்கும். அடுத்த தடவை இழுத்தா அடுத்த குண்டு. விசையை அழுத்திப் பிடிச்சா மழை மாதிரி கொட்டுறது முழு தானியங்கி, அது வேற. அமெரிக்காவுல புதுசா கத்துக்கிறவங்களுக்குப் பேர் போனது ரூகர் கம்பெனியோட 10/22. 1964-ல வந்தது, இன்னிக்கும் விக்குது. .22 அளவுச் சின்னத் தோட்டா, பத்து தோட்டா புடிக்கிற பெட்டி, தோள்ல பின்னடி ரொம்பக் கொறைவு, தோட்டா விலையும் கொறைவு. புதுசா வாங்குறவன் அங்க கேக்கிற கேள்வி இதுதான்: எடை எவ்வளவு, தோளை இடிக்குமா, தோட்டா என்ன விலை, பழுது பார்க்க ஆள் இருக்கா. கணக்கு பண்ணிப் பார்த்தா எங்க தாத்தாவும் இதே கேள்விகளைத்தான் கேட்டிருப்பார். அவருக்குப் பதில் சொல்லக் கடைக்காரன் இல்லை, வேலூர்ல இருந்த கலெக்டர் ஆபீஸ் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம பக்கத்துக்குத் துப்பாக்கி புதுசு இல்லை. கிரிவலம் வர்றவங்களுக்கு அண்ணாமலையார் கோயில் மதில்னா பக்தி. ஆனா 250 வருஷத்துக்கு முன்னாடி அந்த மதில் கோட்டையாவும் இருந்தது. 1767 செப்டம்பர் 3-ந்தேதி நம்ம செங்கத்துக்கிட்ட ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து வந்த படைக்கும், கர்னல் ஜோசப் ஸ்மித்தோட கம்பெனிப் படைக்கும் பெரிய சண்டை. சண்டையில ஸ்மித் ஜெயிச்சாலும் சோறு இல்லை. தானியம் தேடித் திருவண்ணாமலைக்கு நகர்ந்தார். அதே மாசக் கடைசியில இங்கேயும் ஒரு சண்டை. அதுலயும் ஹைதர், நிஜாம் பக்கம் தோல்வி, பீரங்கிகளைப் போட்டுட்டுப் போனாங்க. அப்புறம் 1790 கடைசியில திப்பு சுல்தான் தியாகதுர்க்கத்தை எடுக்க முடியாம இந்தப் பக்கம் திரும்பி, திருவண்ணாமலையைப் புடிச்சார்.

அந்தக் காலத்து சிப்பாய் கையில இருந்ததும், எங்க தாத்தா சுவத்துல தொங்கினதும் அடிப்படையில ஒண்ணுதான். இதைத்தான் நான் ஆச்சரியமா நெனைக்கிறேன். குழல் வாயில மருந்தைக் கொட்டணும். தேங்கா நாரையோ துணியையோ வச்சுக் கம்பியால இடிக்கணும். அதுக்கு மேல ரவையைப் போடணும். மறுபடியும் அடைச்சு இடிக்கணும். அப்புறம் பத்த வைக்கணும். பத்த வைக்கிற முறை மட்டும்தான் காலத்துக்குக் காலம் மாறிச்சு. மொதல்ல எரியுற திரி. அப்புறம் சக்கிமுக்கிக் கல்லு. அப்புறம் கேப்பு.

இந்தக் கேப்பு வந்த கதை கேட்டா சிரிப்பு வரும். ஸ்காட்லாந்துல அலெக்ஸாண்டர் ஃபோர்சித்னு ஒரு பாதிரியார். பறவை வேட்டையில அவருக்குப் பைத்தியம். சக்கிமுக்கித் துப்பாக்கியில மொதல்ல வெளிய பொறி பறக்கும், அப்புறம்தான் குண்டு கிளம்பும். அந்தப் பொறியைப் பார்த்தே பறவை பறந்துடும். அடிச்சா தானா வெடிக்கிற ஒரு மருந்தை வச்சு அந்தத் தாமதத்தைக் கொறைச்சு, 1807-ல காப்புரிமை வாங்கினார். அதுலருந்து வளர்ந்ததுதான் குதிரைக்குக் கீழே மாட்டுற செம்புக் கேப்பு. ஒரு பாதிரியாரோட வாத்து வேட்டைக்காகக் கண்டுபிடிச்சது, நம்ம ஜவ்வாது மலையில சாமைக் காட்டைக் காவல் காக்கிற வரைக்கும் வந்து சேர்ந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

வெள்ளைக்காரன் நம்ம சனங்க கையிலருந்து ஆயுதத்தைப் புடுங்கினது 1857-க்கு அப்புறம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். தெற்குச் சீமையில அது அதுக்கு முன்னாடியே நடந்தது. 1799-ல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801 அக்டோபர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. அந்த வருஷமே டிசம்பர் 1-ந்தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரங்களும் அவங்க ஆளுங்களும் துப்பாக்கி, வேல்னு எந்த ஆயுதமும் வச்சுக்கக் கூடாதுன்னு. கோட்டைகளையும் இடிச்சாங்க. பாளையத்துல காவல் வேலை பார்த்தவனும் குடியானவனும் பல ஊர்ல ஒரே ஆள்தான். அதனால இது ஜமீன்தார் சமாச்சாரம்னு ஒதுக்கிட முடியாது.

1857 கிளர்ச்சிக்கு அப்புறம் 1860-ல ஒரு சட்டம். அதுக்கப்புறம் 1878-ல வந்ததுதான் இந்திய ஆயுதச் சட்டம். வைஸ்ராய் லிட்டன் காலம். அந்த வருஷத்தைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. 1876-ல ஆரம்பிச்ச தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடி முடிச்ச நேரம். நம்ம வடஆற்காடும் அதுல தப்பலை. அதே 1878-ல இந்திய மொழிப் பத்திரிகைகளோட வாயைக் கட்ட இன்னொரு சட்டமும் போட்டார். வயித்துல சோறு இல்லை, பேச வாய் இல்லை, கையில ஆயுதமும் இருக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாம எந்த இந்தியனும் துப்பாக்கி வச்சுக்கக் கூடாது, ஐரோப்பியனுக்கு மட்டும் லைசென்ஸே தேவையில்லை. எனக்கு இந்தச் சட்டத்துல உறுத்துறது கட்டுப்பாடு இல்லை. ஆளைப் பார்த்துப் போட்ட கட்டுப்பாடு.

பக்கத்துலேயே இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. குடகு. 1857 சமயத்துல வெள்ளைக்காரனுக்கு விசுவாசமா இருந்தாங்கன்னு குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வச்சிருந்தவங்களுக்கும் லைசென்ஸ்லருந்து விலக்கு குடுத்தாங்க. அது சுதந்திரத்துக்கு அப்புறமும் தொடருது. மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021-ல அது செல்லும்னு சொல்லிடுச்சு. அங்க துப்பாக்கிக்குப் பூ வச்சுக் கும்புடுற கைல்பொள்து பண்டிகையே இருக்கு. நம்ம ஆயுத பூஜையில கலப்பைக்கும் மம்பட்டிக்கும் பொட்டு வைக்கிற மாதிரி.

தோட்டா அளவுலயும் அந்த பயம் இருந்தது. பட்டாளத்துக்கு .303. அது ஊருக்குள்ள கெடைச்சா யார் கைக்குப் போகும்னு வெள்ளைக்காரனுக்குக் கவலை. அதனால ஜனங்க வாங்குற ரைஃபிளுக்கு .315-னு வேற அளவு. பட்டாளத் தோட்டா இதுல சேராது, இந்தத் தோட்டா அதுல சேராது. வெள்ளைக்காரன் போய் இவ்வளவு வருஷம் ஆச்சு, மேற்கு வங்கத்துல இஷாப்பூர் அரசு ரைஃபிள் தொழிற்சாலை அதே .315-ஐத்தான் செஞ்சுச்சு.

காந்தி இந்த விஷயத்துல என்ன நெனச்சார்னு தேடினப்போ எனக்கே ஆச்சரியம். 1930 ஜனவரியில, உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்னாடி, வைஸ்ராய் இர்வினுக்கு 11 கோரிக்கை வச்சார். உப்பு வரியை எடு, நிலவரியைப் பாதியாக்கு, மதுவை ஒழி. எல்லாருக்கும் தெரிஞ்சது. பதினோராவது என்ன தெரியுமா? தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் குடு, அந்தக் கட்டுப்பாடு மக்கள் கையில இருக்கட்டும்னு. அகிம்சை பேசினவர்தான் கேட்டார். அடுத்த வருஷம் கராச்சி காங்கிரஸ்ல அடிப்படை உரிமைப் பட்டியல்லயும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வச்சுக்கிற உரிமையைச் சேர்த்தாங்க.

ஆனா நாடு கைக்கு வந்ததும் நெனப்பு மாறிடுச்சு. 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில எச்.வி. காமத் இதை அடிப்படை உரிமையாச் சேர்க்கணும்னு திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஒத்துக்கலை. திருத்தம் தோத்துச்சு. பிரிவினை ரத்தம் காயாத நேரம், காந்தியையே சுட்டுக் கொன்ன வருஷம். அந்த சபையில நான் உக்காந்திருந்தா எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பேன்னு யோசிச்சுப் பார்த்தேன். காமத் பக்கம் தூக்கியிருக்க மாட்டேன்.

இப்போ நம்ம தாத்தா கதைக்கு வரலாம். 1878 சட்டத்தை எடுத்துட்டு 1959-ல புது ஆயுதச் சட்டம் போட்டாங்க. அமலுக்கு வந்தது 1962 அக்டோபர் 1. அந்தச் சட்டத்தோட 13-ஆவது பிரிவுலதான் விவசாயிக்கு எந்தத் துப்பாக்கின்னு எழுதியிருக்கு. நெஜமாவே பயிர்ப் பாதுகாப்புக்குன்னா, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது போதாதுன்னு அதிகாரிக்குத் தோணினாதான், உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வேற குழல் துப்பாக்கி. ரைஃபிள் அந்த வரிசையிலேயே இல்லை. லைசென்ஸ் படிவம் 4. மனுஷனையோ மாட்டையோ பயிரையோ நாசம் பண்ற காட்டு மிருகத்துக்காகன்னு அதுல தலைப்பு.

மருமவன் சொன்ன அரை தானியங்கி ரைஃபிள், விதிகளோட அட்டவணையில தடை செஞ்ச வகைகளோட சேர்ந்து முதல் வகையில இருக்கு. கலெக்டரால குடுக்க முடியாது, மத்திய அரசு அனுமதி வேணும். 2016-ல புது விதி வந்தப்பவும் அது மாறலை. 2019 திருத்தத்துல தண்டனை இன்னும் ஏறுச்சு. தடை செஞ்ச ஆயுதத்தை லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா குறைஞ்சது 7 வருஷம், 14 வருஷம் வரைக்கும். ஒருத்தர் மூணு துப்பாக்கி வச்சுக்கலாம்ங்கிறது ரெண்டாச்சு. லைசென்ஸ் காலம் மட்டும் மூணு வருஷத்துலருந்து அஞ்சாச்சு. அதுதான் நமக்குக் கெடைச்ச ஒரே சலுகை.

அந்தப் படிவம் 4-லதான் எங்க தாத்தா 1964-ல லைசென்ஸ் வாங்கினார். அப்போ திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை, வடஆற்காடு. நம்ம மாவட்டம் பிரிஞ்சது 1989-லதான். தாத்தா வேலூருக்கு மூணு தடவை நடையா நடந்து வாங்கினதா அப்பா சொல்வார். துப்பாக்கி எடை ஒரு கைக்கொழந்தை அளவு இருக்கும். மருந்து ஒரு கொம்புல, ரவை ஒரு சுருக்குப் பையில, கேப்பு ஒரு தகர டப்பாவுல. அந்த டப்பாவைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

தாத்தா பன்னியைச் சுட்டதை விட பயமுறுத்தினதுதான் ஜாஸ்தி. ராத்திரி ஒரு வெடி போட்டா நாலு கொல்லைக்குக் கேக்கும். ஒரு வாரம் பன்னி எட்டிப் பாக்காது. நல்ல கை பழகினவனுக்கே மறுபடியும் கெட்டிக்க ஒரு நிமிஷம் ஆகும். தாத்தாவுக்கு ரெண்டு நிமிஷம். மழை நாள்ல மருந்து ஈரமாப் போனா அதுவும் இல்லை. அப்பல்லாம் நரிக்குறவங்களும் அறுவடை சமயத்துல ஊருக்கு வருவாங்க. அவங்க கையிலயும் இதே மாதிரி துப்பாக்கிதான். கொக்கு, முயல், காடைன்னு அடிச்சுட்டு, கூலியா கொஞ்சம் மல்லாட்டை வாங்கிட்டுப் போவாங்க.

1971-ல ஒரு நாள் வரப்புத் தகராறு. எங்க பங்காளி ஒருத்தர் ராவோட ராவா வரப்பைச் செதுக்கி ஒரு முழம் உள்ள வந்துட்டார்னு தாத்தாவுக்குக் கோபம். வாய் தடிச்சுப் போயி, அவர் எங்க பாட்டியோட அப்பா வீட்டைப் பத்தி என்னமோ சொல்லிட்டார். தாத்தா ஒண்ணும் பேசலை. நேரா வீட்டுக்குள்ள வந்து சுவத்துலருந்து துப்பாக்கியை எடுத்தார். அப்பாவுக்கு அப்போ பதினஞ்சு வயசு, திண்ணையில நின்னு பார்த்திருக்கார். மருந்து கொட்டி, நார் அடைச்சு, ரவை போட்டு, கம்பியால இடிச்சுக்கிட்டே இருந்தாராம். கை நடுக்கத்துல மருந்து பாதி கீழ. எல்லாம் முடிச்சுட்டு கேப்பு டப்பாவைத் தேடினா காணோம்.

டப்பா பாட்டி மடியில இருந்தது. தாத்தா துப்பாக்கியைக் கையில எடுத்ததுமே அவங்க டப்பாவை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, அடுப்பு முன்னாடி உக்காந்து எரவத்தைத் தள்ளிக்கிட்டு இருந்தாங்களாம், ஒண்ணுமே நடக்காத மாதிரி. தாத்தா பரண், பொறை, மாடம்னு தேடித் தேடி, கடைசியில திண்ணையில வந்து உக்காந்துட்டார். அதுக்குள்ள ஊர்ப் பெரியவங்க நாலு பேர் வந்து சேர்ந்துட்டாங்க. மணியக்காரரை வச்சு அளந்து கல்லு நட்டாங்க. அந்தக் கல்லு இன்னும் இருக்கு.

மருமவன் சொன்ன பத்து தோட்டா பெட்டி அன்னிக்கு எங்க வீட்டுச் சுவத்துல இருந்திருந்தா? நான் மேல எழுதலை.

அதுக்காகச் சட்டம் போட்டவன் எல்லாம் யோசிச்சுப் போட்டான்னு சொல்ல வரலை. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுப்பன்னியும் அட்டவணைக்குள்ள போச்சு. இப்போ ரெண்டாவது அட்டவணையில இருக்கு. அதாவது ஒரு சட்டம், மிருகத்துக்கிட்டேருந்து பயிரைக் காப்பாத்தத் துப்பாக்கி வச்சுக்கோன்னு படிவம் 4 குடுக்குது. இன்னொரு சட்டம், தலைமை வன உயிரின காப்பாளர் உத்தரவு இல்லாம அதே மிருகத்தைச் சுட்டா உன்னைப் புடிப்பேங்குது. எங்க வீட்டுத் துப்பாக்கி அதுலருந்து வெறும் சத்தம் போடுற கட்டையா ஆயிடுச்சு. நரிக்குறவங்களோட பொழப்பும் அத்தோட போச்சு, அவங்க ஊசி மணி பாசிக்கு மாறினாங்க.

ஜவ்வாது மலை மேல கதை இன்னும் சிக்கல். மலையாளிச் சனங்க கிட்ட லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி தலைமுறை தலைமுறையா இருந்தது. போலீஸ் அப்பப்போ அறிவிப்பு குடுக்கும், தானா ஒப்படைச்சா வழக்கு இல்லைன்னு. ராத்திரியில கொண்டு வந்து பொது எடத்துல போட்டுட்டுப் போவாங்க. லைசென்ஸ் வாங்கத் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ்னு எறங்கி ஏற முடியாதவன் கள்ளத் துப்பாக்கிக்காரன் ஆனான். நடக்கத் தெம்பு இருந்த எங்க தாத்தா லைசென்ஸ்காரர் ஆனார். பயிரும் பன்னியும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

துப்பாக்கி வழியை அடைச்சா சனங்க சும்மா இருக்கிறதில்லை. திருட்டுக் கரண்டுல கம்பி வேலி போடுறாங்க. பன்னிக்கு வச்சதுல பக்கத்துக் கொல்லைக்காரனே தண்ணி கட்டப் போயி செத்த கதை எத்தனை பேப்பர்ல படிச்சிருக்கோம். அவுட்டுக்காய் வைக்கிறாங்க. அதை மாடு கடிச்சு வாய் சிதறிச் சாகுது, யானையும் சாகுது. நாட்டுத் துப்பாக்கி தப்பாச் சுட்டாலும் சுடுறவன் கண்ணு முன்னாடிதான் சுடும். கரண்டு கம்பி, போட்டவன் தூங்கும்போதும் கொல்லும். இதுல எது ஆபத்துன்னு சட்டம் எழுதுறவங்க ஒரு ராத்திரி பரண்ல வந்து உக்காந்து பார்க்கட்டும்.

மத்த மாநிலத்துல என்ன பண்ணாங்கன்னா, 2016-ல உத்தரகாண்ட்ல காட்டுப்பன்னியைக் கொஞ்ச காலத்துக்குத் தொல்லை விலங்குன்னு மத்திய அரசு அறிவிச்சது. கேரளாவுல 2022-ல பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அதிகாரம் குடுத்து, லைசென்ஸ் இருக்கிறவங்களை வச்சுச் சுட வழி பண்ணாங்க. நம்ம தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில ஒரு ஏற்பாடு அறிவிச்சாங்க. காப்புக்காட்டு எல்லையிலருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. 1-லருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் புடிச்சுக் காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால வந்தா வனத்துறை ஆளுங்களே சுடுவாங்க. நம்ம கொல்லை காட்டு எல்லையிலருந்து ஒண்ணரை கிலோமீட்டர். அதாவது புடிச்சு விடுற கணக்கு. பன்னிக்கு இது தெரியுமான்னு தெரியலை.

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகப் போவுது. லைசென்ஸ்காரர் போயிட்டா வாரிசு உடனே துப்பாக்கியை ஒப்படைச்சுடணும். ஒப்படைச்சுட்டேன். வாரிசு பேருக்கு லைசென்ஸ் கேக்கலாம். 2016 விதியில அதுக்கு இடம் இருக்கு. உயிரோட இருக்கும்போதே, 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் வச்சிருந்தாலோ கூட பிள்ளைக்கு மாத்திக் குடுக்கலாம். அப்பா இருந்தப்பவே செஞ்சிருக்கணும், சோம்பேறித்தனம். உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருந்தா தள்ளிப் போடாதீங்க. ஒப்படைச்ச ரசீதைப் பத்திரமா வச்சுக்குங்க. புதுசா கேக்கிறவங்க பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வைக்கணும், துப்பாக்கியைப் பத்திரமாப் பூட்டி வைப்பேன்னு உறுதிமொழியும் குடுக்கணும்.

தம்பி வேண்டாங்கிறான். "ஒவ்வொரு தேர்தலுக்கும் கொண்டு போய் ஸ்டேஷன்ல வைக்கணும், திரும்ப வாங்க அலையணும், சுடவும் முடியாது, எதுக்குண்ணே?" அவன் சொல்றதுலயும் நாயம் இருக்கு. அப்பா ஒரு தேர்தல் முடிஞ்சு துப்பாக்கியைத் திரும்ப வாங்க அஞ்சு தடவை நடந்தார். கடைசியில வந்த துப்பாக்கியில குதிரை துருப்புடிச்சு அசையலை.

போன வாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏட்டு எடுத்துட்டு வந்து காட்டினார். குழல்ல சணல் கட்டி, அட்டையில அப்பா பேர் எழுதித் தொங்குது. கட்டையில தாத்தா கை பட்டுப் பட்டு வழவழன்னு ஆன எடம் அப்படியே இருக்கு. நான் விண்ணப்பம் போடுறதாச் சொல்லிட்டு வந்துட்டேன். சுடுறதுக்கு இல்லை. என்னிக்காவது நம்ம ஊருலயும் கேரளா மாதிரி உத்தரவு வந்தா, லைசென்ஸ் இருக்கிறவன்தான் கூப்பிடப்படுவான். அந்தக் கணக்குதான்.

இப்போ ராத்திரிக் காவலுக்கு எனக்குத் துணைக்கு வர்றது யாரு தெரியுமா? 1971-ல வரப்பு வெட்டின அந்தப் பங்காளியோட பேரன். அவன் கொல்லையையும் பன்னி விடலை. ரெண்டு டார்ச்சு லைட்டு, ஒரு எண்ணெய் டின், ஒரு குச்சி. எல்லைக் கல்லு மேலதான் டீ பிளாஸ்கை வைப்போம்.

நேத்து விண்ணப்பத்தை எழுதிக்கிட்டு இருந்தேன். எந்த வகைத் துப்பாக்கின்னு கேட்ட எடத்துல ஒத்தக்குழல், வாய்வழி கெட்டிக்கிறதுன்னு எழுதினேன். அம்மா பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. எழுந்து போய் சாமி மாடத்துலருந்து பாட்டியோட அந்தத் தகர டப்பாவை எடுத்துட்டு வந்தாங்க. உள்ள ஒண்ணும் இல்லை, விளக்குத் திரி போட்டு வச்சிருக்காங்க.

"துப்பாக்கி வந்தா எங்க வேணா மாட்டிக்க. டப்பா மட்டும் என்கிட்டதான் இருக்கும்"னு சொல்லிட்டு திரும்பக் கொண்டு போய் மாடத்துலயே வச்சுட்டாங்க.